ஆளுநர்: கையெழுத்து யாருடையது, முடிவு யாருடையது?

தமிழ்நாடு அரசின் அரசாணை ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துப் படித்திருக்கிறீர்களா? பள்ளியைத் தரம் உயர்த்துவது, சாலைக்கு நிதி ஒதுக்குவது, ஊதியத்தைத் திருத்துவது, எதுவாக இருந்தாலும் சரி. மேலே துறையின் பெயரும் எண்ணும் நாளும் இருக்கும். அதன் கீழே பழைய கடிதங்களின் பட்டியல், அப்புறம் 'ஆணை' என்ற தலைப்பு, பத்தி பத்தியாக விவரம். எல்லாம் முடிந்த பிறகு அடைப்புக்குறிக்குள் ஒரு சின்ன வரி: 'ஆளுநரின் ஆணைப்படி'. அதற்குக் கீழேதான் துறைச் செயலாளரின் பெயர்.

என் பெரியப்பா ஆசிரியராக இருந்தவர். தன் பணி வரன்முறை ஆணையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தார். "கவர்னரே போட்ட ஆர்டர்" என்று அந்த வரியைத் தொட்டுக் காட்டுவார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். அந்தத் தாளை எந்த ஆளுநரும் பார்த்திருக்க மாட்டார் என்பதும், பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

ஆளுநரைப் பற்றி நாம் பேசும்போது வரும் குழப்பங்களில் பாதி அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறது. "மாநிலத்துக்கே தலைவர் அவர்தான், முதல்வருக்கும் மேலே" என்கிறார் ஒருவர். "அவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்" என்கிறார் இன்னொருவர். "மத்திய அரசின் ஊழியர்" என்கிறார் மூன்றாமவர். மூன்றிலும் உண்மையின் துண்டு ஒன்று இருக்கிறது, ஆனால் மூன்றுமே தவறு. தொலைக்காட்சி விவாதங்களில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருப்பதால், புதிதாகக் கவனிக்கும் ஒருவருக்கு எதுவும் பிடிபடுவதில்லை. அடியிலிருந்து பார்ப்போம்.

தாலி எடுத்துக் கொடுக்கும் பெரியவர்

நம் ஊர்க் கல்யாணங்களில் ஒரு பெரியவர் இருப்பார். பத்திரிகையில் 'இன்னார் தலைமையில்' என்று அவர் பெயர்தான் முதலில் வரும். மேடையில் நடு நாற்காலி அவருக்கு. தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுப்பவரும் அவர்தான். ஆனால் பெண் பார்த்தது அவர் இல்லை, பேசி முடித்ததும் அவர் இல்லை. மண்டபம், சமையல், சீர் எல்லாம் இரண்டு வீட்டாரும் எடுத்த முடிவு. நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றாலும் வீட்டார்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாநில அரசில் ஆளுநரின் இடம் ஏறத்தாழ இதுதான். அரசின் எல்லா வேலையும் அவர் பெயரில் நடக்கும். அரசியலமைப்பின் 166-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்த அரசாணை வரி வந்ததும் அங்கிருந்துதான். ஆனால் முடிவை எடுப்பது முதலமைச்சர் தலைமையிலான அமைச்சரவை. 163-வது பிரிவு, ஆளுநருக்கு 'உதவவும் ஆலோசனை கூறவும்' ஓர் அமைச்சரவை இருக்கும் என்கிறது. ஆலோசனை என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் யோசனையைப் போல, பிடித்தால் எடுத்துக்கொண்டு பிடிக்காவிட்டால் விட்டுவிடும் விஷயமில்லை இது. அரசியலமைப்பில் 'அமைச்சரவையின் ஆலோசனை' என்றால், ஆளுநரைக் கட்டுப்படுத்தும் முடிவு என்றே பொருள்.

இது என் விளக்கம் மட்டுமல்ல. 1974-ல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசியலமைப்பே விதிவிலக்கு தந்திருக்கும் சில இடங்களைத் தவிர, குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். அதற்கும் முன்னால் 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இன்னும் நேராகவே பேசியிருக்கிறார். ஆளுநர் தானாகச் செய்யக்கூடிய பணி என்று எதுவும் இல்லை, அவருக்குச் சில கடமைகள் மட்டுமே உண்டு என்பது அவர் வாதம்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருவது முதல்வரும் அமைச்சர்களும். அடுத்த தேர்தலில் நாம் தண்டிக்க முடிந்ததும் அவர்களைத்தான். ஆளுநரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, நீக்கவும் முடியாது. மக்களுக்குப் பதில் சொல்லாதவர் கையில் முடிவு இருக்கக் கூடாது என்பதுதான் இதன் உயிர்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: பெயரும் கையெழுத்தும் ஆளுநருடையவை, முடிவும் பொறுப்பும் அமைச்சரவையுடையவை.

அமெரிக்க கவர்னர் வேறு

போகிற போக்கில் ஒன்று. ஆங்கிலச் செய்திகளில் 'டெக்சாஸ் கவர்னர்', 'கலிபோர்னியா கவர்னர்' என்று வரும்போது நம் ஆளுநரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் அந்த மாநில மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நெருக்கமானவர்கள். பெயர் ஒன்று, பதவி வேறு.

யார் நியமிக்கிறார்கள், எப்படி?

155-வது பிரிவு ஒரே ஒரு வாக்கியம்தான். மாநில ஆளுநரைக் குடியரசுத் தலைவர் தம் கையொப்பமும் முத்திரையும் இட்ட ஆணையால் நியமிப்பார். அவ்வளவுதான். தேர்வுக் குழு இல்லை, நாடாளுமன்ற விசாரணை இல்லை, அந்த மாநிலத்து முதல்வரைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

இப்போது கல்யாணப் பெரியவர் கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள். குடியரசுத் தலைவரும் பெயரளவுத் தலைவர்தான். அவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆக, 'குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்' என்றால் நடைமுறையில் பிரதமரும் அவர் அரசும் முடிவு செய்கிறார்கள் என்று அர்த்தம். குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து ஓர் அறிவிப்பு வரும். சில சமயம் ஒரே அறிவிப்பில் ஏழெட்டு மாநிலங்களுக்குப் பெயர்கள் இருக்கும். அப்புறம் அந்த மாநில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி முன்னால் பதவிப் பிரமாணம்.

தகுதிகள் ரொம்பக் குறைவு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது முடிந்திருக்க வேண்டும். எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருந்துகொண்டு ஆளுநராக இருக்க முடியாது. படிப்பு, அனுபவம், சொந்த ஊர் எதைப் பற்றியும் சட்டத்தில் பேச்சில்லை. வெளி மாநிலத்தவரை நியமிப்பது சட்டமல்ல, வழக்கம். 1956-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒரே ஆள் இரண்டு மூன்று மாநிலங்களுக்கும் ஆளுநராக இருக்கலாம்.

முதலில் திட்டமிட்டது இப்படி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1947-ல் வல்லபாய் படேல் தலைமையிலான மாகாண அரசியலமைப்புக் குழு, ஆளுநரை அந்தந்த மாகாண மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் சொன்னது. அடுத்த ஆண்டு வரைவுக் குழு இன்னொரு யோசனையையும் பக்கத்தில் வைத்தது. சட்டமன்றம் நான்கு பேர் கொண்ட பட்டியலைத் தேர்ந்தெடுக்கும், அதிலிருந்து ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். 1949 மே மாதம் விவாதம் வந்தபோது இரண்டையும் கைவிட்டு, நேரடி நியமனத்துக்கு மாறினார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மாநிலம் முழுவதும் வாக்கு வாங்கி ஜெயித்த ஓர் ஆளுநர், தன் தொகுதியில் மட்டும் ஜெயித்த முதல்வருக்கு அடங்கி ஏன் நடப்பார்? ஒரே உறையில் இரண்டு கத்தி ஆகிவிடும். அதோடு பிரிவினை முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். நாட்டைக் கட்டி நிறுத்தும் கயிறு ஒன்று வேண்டும் என்ற பயமும் இருந்தது. ஆளுநர் வெறும் அலங்காரப் பதவிதானே, அதற்கு எதற்குச் செலவு செய்து தேர்தல் என்ற வாதமும் எடுபட்டது. கட்சி அரசியலிலிருந்து ஒதுங்கிய, மாநில அரசுக்கும் ஏற்புடைய பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று நேரு எதிர்பார்த்தார். டெல்லியில் ஒரு கட்சியும் மாநிலத்தில் வேறு கட்சியும் ஆட்சிக்கு வந்தால் என்ன ஆகும் என்று எச்சரித்த உறுப்பினர்களும் அந்த அவையில் இருந்தார்கள். அதிகாரம் இல்லாத பதவி என்பதால் நியமனமே போதும் என்று முடிவெடுத்தவர்கள், அந்த 'அதிகாரம் இல்லாத' பகுதியை எழுத்தில் போதுமான அளவு பூட்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'விருப்பம் உள்ளவரை'

ஆளுநரின் பதவிக்காலம் 5 ஆண்டு என்று எல்லோரும் சொல்வோம். 156-வது பிரிவு அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறது: குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை ஆளுநர் பதவியில் இருப்பார். இதன் பொருளும் உங்களுக்கு இப்போது தெரியும். மத்திய அரசு நினைத்தால் நாளைக்கே மாற்றலாம். நீதிபதியை நீக்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆளுநரை நீக்க அப்படி எந்த நடைமுறையும் இல்லை.

2004-ல் மத்தியில் ஆட்சி மாறியதும் உத்தரப் பிரதேசம், குஜராத், ஹரியானா, கோவா ஆகிய நான்கு மாநில ஆளுநர்கள் நீக்கப்பட்டார்கள். அது வழக்காகி, 2010-ல் பி.பி. சிங்கால் தீர்ப்பு வந்தது. காரணம் சொல்லாமலே நீக்கலாம், ஆனால் தான்தோன்றித்தனமாக நீக்க முடியாது. மத்திய அரசின் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகவோ அதன் நம்பிக்கையை இழந்துவிட்டார் என்பதற்காகவோ நீக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். நல்ல தீர்ப்புதான். ஆனால் காரணமே சொல்ல வேண்டியதில்லை என்னும்போது, தவறான காரணத்துக்காக நீக்கினார்கள் என்று ஒருவர் எப்படி நிரூபிப்பார்?

ஆளுநர் மத்திய அரசின் ஊழியர் அல்ல என்று 1979-லேயே ரகுகுல் திலக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் எடுக்கும் உறுதிமொழியிலும் மத்திய அரசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அரசியலமைப்பைக் காப்பேன், இந்த மாநில மக்களின் சேவைக்கும் நலனுக்கும் என்னை அர்ப்பணிப்பேன் என்பதுதான் உறுதிமொழி. சட்டப்படி அவர் சுதந்திரமானவர். நடைமுறையில் அவருடைய நாற்காலியின் கால்கள் டெல்லியில் இருக்கின்றன.

அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவரைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 1991 ஜனவரி. சந்திரசேகர் பிரதமர், இங்கே தி.மு.க. ஆட்சி. 356-வது பிரிவின்படி, மாநிலத்தில் அரசியலமைப்புப்படி ஆட்சி நடத்த முடியவில்லை என்று ஆளுநர் அறிக்கை அனுப்பினால் மத்திய அரசு ஆட்சியைக் கலைக்கலாம். இதைத்தான் குடியரசுத் தலைவர் ஆட்சி என்கிறோம். அன்று ஆளுநராக இருந்தவர் சுர்ஜித் சிங் பர்னாலா. அவர் அந்த அறிக்கையை அனுப்ப மறுத்துவிட்டார். அதே பிரிவில் ஆளுநரின் அறிக்கை மூலமாகவோ 'வேறு விதமாகவோ' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு ஜனவரி 30 அன்று ஆட்சியைக் கலைத்தார்கள். பர்னாலாவை பீகாருக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, ராஜினாமா செய்தார்.

ஆளுநர் பதவியின் பலமும் பலவீனமும் எனக்கு இந்த ஒரு சம்பவத்தில் தெரிகிறது. மனசாட்சிப்படி நடக்க அவருக்கு இடம் இருந்தது. நடந்த பிறகு அதே ஊரில் பதவியில் இருக்க இடம் இல்லை.

இந்தப் பகுதியிலிருந்து மனதில் வைக்க வேண்டியது: நியமிப்பதும் நீக்குவதும் மத்திய அரசு, ஆனால் அன்றாட வேலையில் கேட்டு நடக்க வேண்டியது மாநில அமைச்சரவையை. ஆளுநர் பற்றிய எந்தச் சண்டையை எடுத்தாலும் இந்த முடிச்சில்தான் போய் நிற்கும்.

தானாக முடிவெடுக்கும் இடங்கள்

விதிவிலக்குகள் என்று சொன்னேன் அல்லவா? அங்கே ஆளுநர் அமைச்சரவையைக் கேட்காமல் தன் அறிவுப்படி நடக்கலாம். இதற்குத் தன்விருப்ப அதிகாரம் என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் இடங்கள் குறைவு.

முக்கியமானது, யாருக்கும் தெளிவான பெரும்பான்மை இல்லாத சட்டமன்றம். தேர்தல் முடிந்துவிட்டது, புது அமைச்சரவை இன்னும் அமையவில்லை. அப்போது ஆலோசனை சொல்லத்தான் ஆள் ஏது? யாரை முதல்வராக அழைப்பது என்பதை ஆளுநரேதான் முடிவு செய்ய வேண்டும்.

சென்னை மாகாணம் இந்தச் சோதனையை முதல் பொதுத்தேர்தலிலேயே சந்தித்தது. 1952-ல் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றுசேர்ந்து, எங்களிடம்தான் அதிக உறுப்பினர்கள் என்றார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்தது ராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார். பின்னால் பேரவையில் பெரும்பான்மையைக் காட்டிவிட்டார் என்பது உண்மை. ஆனால் பதவியில் உட்கார்ந்த பிறகு பெரும்பான்மை சேர்ப்பது எவ்வளவு சுலபம் என்பதையும் நாடு அன்றே பார்த்துவிட்டது.

இதற்கு ஒரு கடிவாளம் வர 42 ஆண்டுகள் ஆனது. கர்நாடகத்தில் எஸ்.ஆர். பொம்மையின் அரசை 1989-ல் கலைத்தார்கள். பெரும்பான்மை இல்லை என்று ஆளுநர் அறிக்கை கொடுத்தார். சட்டமன்றத்தைக் கூட்டுங்கள், நிரூபிக்கிறேன் என்று பொம்மை கேட்டதை அவர் ஏற்கவில்லை. அந்த வழக்கில் 1994 மார்ச்சில் 9 நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்புதான் இன்றுவரை அளவுகோல். பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் எண்ணக் கூடாது, சட்டமன்றத்தில்தான் எண்ண வேண்டும். இதைத்தான் நம்பிக்கை வாக்கெடுப்பு என்கிறோம். ஆட்சிக் கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கேரளத்தில் 1959, இங்கே 1976, 1980 என்று அடுக்கடுக்காகக் கலைப்பு நடந்த காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் ஒப்பிட்டால், இந்தத் தீர்ப்பின் எடை தெரியும்.

2018-ல் கர்நாடகத்தில் திரும்பவும் அதே கேள்வி. ஆளுநர் எடியூரப்பாவை அழைத்து, பெரும்பான்மையைக் காட்ட 15 நாள் தந்தார். உச்ச நீதிமன்றம் அவ்வளவு நாள் எதற்கு என்று, மே 19 அன்றே வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. வாக்கெடுப்புக்கு முன்பே எடியூரப்பா ராஜினாமா செய்தார். யாரை அழைப்பது என்பது ஆளுநரின் அதிகாரம்தான். அவர் அழைத்ததால் மட்டும் யாரும் முதல்வராக நீடித்துவிட முடியாது.

மசோதா எங்கே நிற்கிறது?

இப்போது அதிகம் பேசப்படும் இடத்துக்கு வருவோம். சட்டமன்றத்தில் கொண்டுவரும் சட்ட வரைவுக்கு மசோதா என்று பெயர். பேரவையில் நிறைவேறினாலும் அது மசோதாதான். ஆளுநர் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் சட்டம்.

200-வது பிரிவின்படி ஆளுநர் முன்னால் இருக்கும் வழிகளைக் கல்யாண வீட்டு மொழியிலேயே சொல்லிவிடலாம். ஒன்று, தாலியை எடுத்துக் கொடுப்பது, அதாவது ஒப்புதல். இரண்டு, "இந்த விஷயத்தை ஒரு தடவை பேசிவிட்டு வாங்களேன்" என்று இரு வீட்டாரிடமும் சொல்வது. அதாவது ஒப்புதலை நிறுத்திவைத்து, மறுபரிசீலனைக்காகப் பேரவைக்குத் திருப்பி அனுப்புவது. பேரவை அதைத் திருத்தியோ திருத்தாமலோ மீண்டும் நிறைவேற்றினால், இரண்டாவது தடவை ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பண மசோதாவைத் திருப்பி அனுப்பவே முடியாது. மூன்று, "பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்ததா என்று எனக்குச் சந்தேகம், இதைச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்போம்" என்பது. அதாவது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்புவது. உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தையே குறைக்கும் மசோதா என்றால் கட்டாயம் அனுப்ப வேண்டும். மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மசோதாவுக்கும் பெரும்பாலும் அந்த வழிதான்.

நீட் விலக்கு மசோதா இதே பாதையில்தான் போனது. 2021 செப்டம்பரில் பேரவை நிறைவேற்றியது. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். பிப்ரவரி 8 அன்று சிறப்புக் கூட்டம் போட்டு மீண்டும் நிறைவேற்றினார்கள். பிறகு அது குடியரசுத் தலைவருக்குப் போய், ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதல்வர் பேரவையில் அறிவித்தார். "பேரவை இரண்டு தடவை நிறைவேற்றியும் ஏன் சட்டம் ஆகவில்லை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். ஆளுநர் கதவைத் தாண்டியும் இன்னொரு கதவு இருந்தது. அந்த இரண்டாவது கதவின் சாவி மத்திய அமைச்சரவையிடம் இருக்கிறது.

சரி, தாலியைக் கொடுக்காமல், திருப்பியும் தராமல், சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்துவிட்டால்? 200-வது பிரிவில் திருப்பி அனுப்புவதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'இயன்ற விரைவில்' என்றுதான் இருக்கிறது. நாள் கணக்கு இல்லை. அந்த இடைவெளியில்தான் மசோதாக்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கின.

தமிழ்நாட்டில் 2020-லிருந்து தேங்கிய மசோதாக்களில் பத்து, பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் சம்பந்தப்பட்டவை, 2023 நவம்பரில் திரும்பி வந்தன. பேரவை நவம்பர் 18 அன்று மீண்டும் நிறைவேற்றியது. அதன் பிறகு அவற்றை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் 2 நீதிபதிகள் அமர்வு அது செல்லாது என்றது. பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று தன் சிறப்பு அதிகாரத்தின் கீழ் சொல்லி, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் வைத்தது.

கதை அங்கே முடியவில்லை. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று 5 நீதிபதிகள் அமர்வு தன் கருத்தைத் தந்தது. அரசியலமைப்பில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது. 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது' என்ற வழியும் கிடையாது. அதேசமயம் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க முடியாது. காரணமில்லாமல் நெடுநாள் இழுத்தால், ஏதாவது ஒரு முடிவை எடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம். என்ன முடிவு என்று சொல்லாது.

இரண்டையும் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நெடுநாள் என்றால் எத்தனை நாள்? ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு மாநில அரசு வழக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

காத்திருப்பு என்பது தாளில் மட்டும் நடப்பதல்ல. தண்டனைக் குறைப்பு வழங்கும் அதிகாரம் 161-வது பிரிவில் ஆளுநருக்கு உண்டு; அதுவும் அமைச்சரவை ஆலோசனைப்படிதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையில் இருந்த பேரறிவாளன் உட்பட எழுவரை விடுவிக்கலாம் என்று 2018 செப்டம்பர் 9 அன்று தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது. கோப்பு நகரவில்லை. 2021 ஜனவரியில் ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது. அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது. அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, ஒரு மனிதர் ஒரு கையெழுத்துக்காக மூன்றரை ஆண்டுக்கும் மேல் காத்திருந்தார் என்பதை மறக்க முடியவில்லை.

இந்தப் பகுதியின் சாரம்: ஆளுநர் ஒரு தடவை கேள்வி கேட்கலாம், மேலே அனுப்பலாம். கிடப்பில் போட அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் எவ்வளவு நாளில் முடிக்க வேண்டும் என்று எழுதிய வரியும் கிடையாது.

அடிக்கடி கலந்துவிடும் மூன்று விஷயங்கள்

பல்கலைக்கழக வேந்தர் பதவி அரசியலமைப்பு தந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மாநிலச் சட்டமன்றம் இயற்றிய பல்கலைக்கழகச் சட்டங்கள்தான் ஆளுநரை வேந்தராக்கின. கொடுத்த சட்டமன்றமே அதை மாற்றவும் முயலலாம். அந்த மாற்றத்துக்கான மசோதாவும் ஆளுநரிடமே ஒப்புதலுக்குப் போக வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

ஆண்டின் முதல் கூட்டத்தில் ஆளுநர் படிக்கும் உரை அமைச்சரவை எழுதியது. 'எனது அரசு' என்று அவர் படித்தாலும் அது அரசின் கொள்கை அறிக்கை. 2023 ஜனவரி 9 அன்று தமிழகப் பேரவையில் ஆளுநர் சில பகுதிகளை விட்டுப் படித்ததும், அச்சிட்ட உரை மட்டுமே அவைக் குறிப்பில் ஏறும் என்று தீர்மானம் வந்ததும், அவர் பாதியில் வெளியேறியதும் நினைவிருக்கும். உரை யாருடையது என்ற கேள்விக்கு அன்று அவை தந்த பதில் அது.

அப்புறம் புதுச்சேரி. அங்கே இருப்பவர் துணைநிலை ஆளுநர். ஒன்றியப் பிரதேசம் என்பதால் கணக்கே வேறு. அமைச்சரவையோடு கருத்து வேறுபட்டால் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப அவருக்குச் சட்டமே வழி தருகிறது. சென்னையில் தவறாக இருக்கும் ஒன்று புதுச்சேரியில் சட்டப்படி சரியாக இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை.

நியமனத்தை மாற்றச் சொன்னவர்கள்

இந்த முடிச்சை அவிழ்க்க யாரும் முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். 1969-ல் அமைந்து 1971-ல் அறிக்கை தந்த ராஜமன்னார் குழு, மாநில அரசைக் கலந்துகொண்டே ஆளுநரை நியமிக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு அமைத்த குழு அது. மத்திய அரசே 1983-ல் அமைத்த சர்க்காரியா ஆணையமும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வந்தது. ஆளுநராக வருபவர் வெளி மாநிலத்தவராக, ஏதோ ஒரு துறையில் பேர் பெற்றவராக, அண்மைக் காலத்தில் தீவிர அரசியலில் இல்லாதவராக இருக்கட்டும். முதல்வரைக் கலந்துபேசுவதை 155-வது பிரிவிலேயே எழுதிவிடுங்கள் என்றது. 2002-ல் நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போய், பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவைத் தலைவர், அந்த மாநில முதல்வர் நால்வரும் சேர்ந்த குழு தேர்ந்தெடுக்கட்டும் என்றது.

இந்த அறிக்கைகள் வந்த காலத்தில் பல கட்சிகள் மத்தியில் ஏதோ ஒரு விதத்தில் ஆட்சியில் பங்கு பெற்றுவிட்டன. மாநிலத்தில் எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஆளுநர் மாளிகைக்கு மனு கொடுக்கப் போனவர்கள், ஆட்சிக்கு வந்ததும் அதே மாளிகையை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். 155-வது பிரிவு மட்டும் 1950-ல் இருந்த அதே ஒற்றை வாக்கியமாக இருக்கிறது.